எலி தலையை நீட்டும்! அடி டமார் என்று விழும்!

கிணற்றுக் கப்பியும் சைக்கிள் செயினும் போதும்; திருவிழா மெஷினை ஊரிலேயே செய்யலாம்! கரன்ட் மட்டும் ஜாக்கிரதை!

திருவரங்குளம் —

பலகையில் ஐந்து பொந்து. கையில் ஒரு சுத்தி. எந்தப் பொந்தில் இருந்து எலி தலையை நீட்டும் என்று யாருக்கும் தெரியாது.

நீட்டியதும் "டமார்!"

அடி விழுந்தால் ஒரு பாயின்ட். தவறினால் எலி உள்ளே போய்விடும். அடுத்த பொந்தில் எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

இவ்வளவுதான் ஆட்டம். படிக்காதவரும் ஆடலாம். பாஷை தெரியாதவரும் ஆடலாம். 5 வயதுக் குழந்தையும் ஆடலாம், 60 வயதுத் தாத்தாவும் ஆடலாம்.

பெரிய நகரங்களில் 'மால்' என்கிற வணிக வளாகங்களில் இந்த மெஷின் நிற்கிறது. பொடியன்கள் வரிசை கட்டுகிறார்கள். பின்னால் நிற்கும் அப்பாமார்களுக்கும் கை துறுதுறு என்கிறது. காலையில் மேனேஜரிடம் வாங்கிய திட்டு, மளிகைக் கடை பாக்கி எல்லாம் அந்த எலியின் தலையில் இறங்குகிறது!

ஆனால் திருவரங்குளம் மாதிரி ஊரில் என்ன செய்வது?

புதுக்கோட்டையில் இருந்து ஆலங்குடி போகிற பஸ்சில் ஏறினால் வருகிற ஊர் இது. பெரிய கோயில் உண்டு. பொற்பனைக் கதை சொல்லும் தலம். இந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் ராட்டினம் வரும். பலூன் சுடுகிற கடை வரும். வளையம் வீசுகிற கடை வரும். எலி அடிக்கிற மெஷினை விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி, இரண்டு நாள் திருவிழாவுக்குக் கொண்டு வந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

வாங்க வேண்டாம். செய்துவிடலாம்!

ஊர்த் தச்சரும், சைக்கிள் கடைக்காரரும், பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேரும் சேர்ந்தால் ஒரு சனி, ஞாயிறு போதும். பாதிச் சாமான் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்.

வயலில் இருந்து வந்த ஆட்டம்

இது பட்டணத்து ஆட்டம் என்று நினைத்தால் தவறு. இது வயலில் பிறந்தது.

ஜப்பானில் 'மோகுரா' என்று ஒரு பிராணி. எலி மாதிரி இருக்கும், எலி அல்ல. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி. கண் சரியாகத் தெரியாது. மண்ணுக்குள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். மண்புழுவையும் பூச்சியையும் தின்னும். தென்னிந்தியாவில் இந்தப் பிராணி கிடையாது. தமிழில் அகழான் என்று எழுதுகிறார்கள்.

பயிரைத் தின்னாது. ஆனால் வரப்பைத் துளைத்துவிடும். கட்டி வைத்த தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக வடிந்துவிடும். விவசாயிக்கு வயிறு எரியாதா?

அதனால் ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் ஒரு வழக்கம். ஜனவரி 14-ந் தேதி சிறுவர்கள் கம்பு நுனியில் வைக்கோலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வீடு வீடாகப் போய் வாசல் தரையில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். மண்ணுக்குள் இருக்கிற அகழான் பயந்து ஓட வேண்டும். அந்த ஆண்டு விளைச்சல் பெருக வேண்டும். அடித்த பிள்ளைகளுக்கு வீட்டுக்காரர்கள் அரிசிப் பலகாரம் கொடுப்பார்கள்.

ஜனவரி 14 என்றால் நமக்குப் பொங்கல் நேரம்! அங்கேயும் அறுவடை, அரிசி, பிள்ளைகள் கொண்டாட்டம்தான்.

பென்சிலால் போட்ட படம்

1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாக உதயமானது. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதே 1974-ல் ஜப்பானில் ஒருவர் பென்சிலை எடுத்து உட்கார்ந்தார். பெயர் கசுவோ யமடா. ராட்சத ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் செய்கிற 'டோகோ' கம்பெனியைச் சேர்ந்தவர். பொந்து, பொந்துக்குள் அகழான், அடிக்க ஒரு சுத்தி என்று படம் போட்டார்.

1975-ல் மெஷின் தயார். பெயர் 'மோகுரா தைஜி'. அகழானை ஒழிப்பது என்று அர்த்தம்.

போட்ட இடமெல்லாம் கூட்டம்! 1976, 1977 இரண்டு ஆண்டும் ஜப்பானில் அந்த ரக மெஷின்களின் வசூலில் இரண்டாவது இடம். முதல் இடம் பிடித்தது 'நாம்கோ' கம்பெனியின் கார்ப் பந்தய மெஷின்.

1976 நவம்பரில் அமெரிக்காவில் கேளிக்கைப் பூங்காக்காரர்கள் கூடும் கண்காட்சிக்கு இந்த மெஷின் போனது. பார்த்தவர்களுக்குக் கை பரபரத்தது. பொருட்காட்சிக் கடையில் வைக்கிற மாதிரி செய்தால் என்ன என்று யோசனை ஓடியது. புளோரிடாவைச் சேர்ந்த ஆரன் பெக்டர் என்ற இளைஞர் பட்டறையில் இறங்கினார். காற்றின் அழுத்தத்தால் பொம்மை மேலே வருகிற மாதிரி அமைத்தார். அதே புளோரிடாவில் உள்ள 'பாப்ஸ் ஸ்பேஸ் ரேசர்ஸ்' கம்பெனி அதை 'வேக்-எ-மோல்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டு போனது.

பெக்டர் பிறகு பீட்சா கடைகளில் பாட்டுப் பாடி வாத்தியம் வாசிக்கும் மிருக பொம்மைக் கோஷ்டியையும் செய்தார். அது 1980-ல் வந்தது.

படம் போட்ட கம்பெனி என்ன ஆயிற்று?

'டோகோ' 79 மீட்டர் உயரத்தில் புஜியாமா என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டிய கம்பெனி. 1996-ல் அது திறந்தபோது உலகமே அண்ணாந்து பார்த்தது. 2004-ல் கம்பெனி திவாலாகிவிட்டது. 'வேக்-எ-மோல்' என்ற பெயர் 2008-ல் பொம்மைக் கம்பெனியான 'மேட்டல்' வசம் போனது.

கம்பெனி போய்விட்டது. அகழான் மட்டும் இன்னும் தலையை நீட்டிக்கொண்டே இருக்கிறது!

1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற வீடியோ ஆட்டம் வந்தது. அதன் பிறகு பழைய மெஷின்கள் பல மூட்டை கட்டின. இது மூட்டை கட்டவில்லை. காரணம் சின்னது. திரையில் விரலால் தட்டுவது வேறு. கையில் சுத்தியைப் பிடித்து ஓங்கிப் போடுவது வேறு!

லண்டன் வரை போன எலி

இன்று இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தின் பெயரை ஒரு சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு தொல்லையை ஒழித்தால் இன்னொரு பக்கம் புதுத் தொல்லை முளைத்தால் அதற்கு இந்தப் பெயர். 2020-ல் கொரோனா நேரம். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன், எந்த ஊரில் நோய் தலைதூக்குகிறதோ அந்த ஊரில் போய் அடிப்போம் என்பதற்கு இந்த ஆட்டத்தின் பெயரைத்தான் சொன்னார்.

நம் கடைக்காரர்களுக்கு இது புதிதா? கரன்ட் பில் கட்டினால் வாடகை வந்து நிற்கும். வாடகை கொடுத்தால் சீட்டுக்காரர் வந்து நிற்பார். தினமும் ஆடுகிற ஆட்டம்தானே!

கிட்டி செய்கிற கைக்கு இது பிரமாதம் இல்லை

திருவரங்குளம் ஒன்றியத்தில்தான் வம்பன் இருக்கிறது. அங்கே தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 'வம்பன் 8' உளுந்து என்றால் விவசாயிகளுக்குத் தெரியும்.

பயறு இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் போகுமா? நெல் வயலிலும் கடலைக் கொல்லையிலும் எலி உண்டு. வரப்பில் வளை தோண்டும். கதிரை அறுத்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே சேர்த்து வைக்கும்.

டெல்டா பக்கத்தில் இதற்கு 'தஞ்சாவூர் கிட்டி' வைப்பார்கள். மூங்கிலை வில் மாதிரி வளைத்துக் கட்டுவார்கள். உள்ளே இரை. எலி தலையை விட்டதும் வில் விடுபடும். 'படக்' என்று கழுத்தைப் பிடிக்கும். கரன்ட் இல்லை, பேட்டரி இல்லை. மூங்கிலும் கயிறும்தான்.

கிட்டியில் எலியின் தலை உள்ளே போகிறது. விளையாட்டு மெஷினில் தலை வெளியே வருகிறது. விசை ஒன்றுதான், திசைதான் வேறு. கிட்டி கட்டத் தெரிந்த கைக்கு இந்த மெஷின் ஒரு பிரமாதம் இல்லை.

பொந்து செய்வது எப்படி?

முதலில் மேடை. 3 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள பிளைவுட் பலகை. கனம் 12 மில்லி மீட்டர் இருக்கட்டும். மெல்லிசாக இருந்தால் நாலு அடியில் விரிந்துவிடும். உயரம் இரண்டரை அடி. சின்னப் பிள்ளைகள் ஆடுவது என்றால் 2 அடி போதும்.

பலகையில் ஐந்து ஓட்டை. முன் வரிசையில் இரண்டு, பின் வரிசையில் மூன்று. ஓட்டைக்கு ஓட்டை 8 அங்குலம் இடைவெளி விட வேண்டும். நெருக்கமாகப் போட்டால் ஒரே அடியில் இரண்டு எலி விழும். ஆட்டம் சப்பென்று போய்விடும்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே 110 மில்லி மீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு. நீளம் 6 அங்குலம். வீட்டுக் கழிவுநீருக்குப் போடுகிற குழாய்தான். இது பொந்து.

அதற்குள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க 90 மில்லி மீட்டர் குழாய்த் துண்டு. நீளம் 12 அங்குலம். இது எலியின் உடம்பு. தலைக்குப் பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்க்கலாம். காகிதக் கூழில் மூஞ்சி செய்து, மேலே ஸ்பாஞ்சு ஒட்டி, துணி போர்த்தலாம். மீசைக்குத் துடைப்பக் குச்சி வேண்டாம், கண்ணில் குத்தும். கறுப்பு நூல் போதும்.

எலியின் அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு குச்சி. குச்சியின் இரண்டு நுனியிலும் கயிறு. இரண்டு கயிறும் பலகையின் அடியில் மாட்டிய சின்னக் கப்பிகள் மேல் ஏறி, பின்னால் வந்து ஒரே முடிச்சாகச் சேர வேண்டும்.

ஏன் இரண்டு கயிறு? ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் எலி சாய்ந்து குழாயில் சிக்கிக்கொள்ளும். செய்கிறவர்கள் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது.

கிணற்றில் வாளி ஏறுகிற மாதிரிதான். கயிற்றை 5 அங்குலம் இழுத்தால் எலி 5 அங்குலம் மேலே வரும். விட்டால் தன் எடைக்கே கீழே இறங்கும். இறங்க மறுத்தால் உடம்புக்குள் கொஞ்சம் மணல் போட்டுக் கட்டினால் சரியாகிவிடும்.

பின்னால் ஒரு பையன் உட்கார்ந்து ஐந்து கயிற்றையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். முன்னால் ஒரு பையன் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு துணித் திரை. ஆட்டம் தயார்!

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, கீழே ஆள் உட்கார்ந்து பொம்மையைக் கையால் தள்ளுகிறவர்களும் உண்டு. பார்க்கச் சுலபம். ஆனால் சுத்திக்கும் விரலுக்கும் நடுவே ஒரு பொம்மைதான் இருக்கும். ஒரு அடி தவறினால் விரல் வீங்கிவிடும். கயிறு என்றால் அடி விழும்போது வெடுக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். கை தப்பும்.

சுத்தி? மரச் சுத்தி கூடாது. அரை அங்குலப் பி.வி.சி. குழாயைப் பிடியாக வைத்து, நுனியில் ஸ்பாஞ்சு சுற்றி, மேலே பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை ஒட்ட வேண்டும். சத்தம் வரும், காயம் வராது. சுத்தியை ஒரு கயிற்றால் மேஜையோடு கட்டிவிடுங்கள். பொடியன் வேகத்தில் கை நழுவினால் பக்கத்துக் கடைப் பலகாரத் தட்டில் போய் விழும்!

கில்லாடிகளுக்கு ஒரு யோசனை

கயிறு இழுக்கிற பையனுக்குப் பத்து நிமிடத்தில் சலிப்பு தட்டிவிடும். அப்புறம் அவனுக்கே தெரியாமல் ஒரு வரிசை வந்துவிடும். இடது, வலது, நடு... இடது, வலது, நடு... அடிக்கிற பையன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். அதோடு ஆட்டம் காலி.

இந்த ஆட்டத்தின் உயிரே அடுத்த எலி எது என்று தெரியாமல் இருப்பதுதான்.

அதற்குச் சைக்கிள் கடையிலேயே மருந்து இருக்கிறது. 44 பல் உள்ள பெடல் சக்கரம் ஒன்று. பின் வீலில் போடுகிற 18 பல் சக்கரம் ஒன்று. இரண்டையும் ஒரு செயினால் இணைக்க வேண்டும். ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு மர உருளை. உருளையின் மேல் அங்கங்கே மரக்கட்டையால் மேடு.

பெரிய சக்கரத்தை ஒரு கைப்பிடியால் சுற்ற வேண்டும். மேடு வந்து ஒரு ரீப்பர் கட்டையை அழுத்தும். ரீப்பர் கயிற்றை இழுக்கும். எலி எழும்பும். மூன்று எலிக்குப் பெரிய உருளை, இரண்டு எலிக்குச் சின்ன உருளை.

இதில் என்ன விசேஷம் என்றால், பெரிய சக்கரம் 9 சுற்று சுற்றினால் சின்ன சக்கரம் 22 சுற்று சுற்றும். அதுவரை பழைய வரிசை திரும்பி வராது! ஒரு சுற்றுக்கு 10 விநாடி என்று நிதானமாகச் சுற்றினால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரே வரிசை இரண்டாவது தடவை கிடையாது. ஒரு ஆட்டம் ஒரு நிமிடம்தான். எந்தக் கில்லாடியும் மனப்பாடம் பண்ண முடியாது.

கயிற்றின் நடுவே ஒரு சாண் பழைய சைக்கிள் டியூப்பைக் கட்டிவிட வேண்டும். எலியின் தலையில் அடி விழுந்தால் டியூப் நீண்டு கொடுக்கும். உருளையும் ரீப்பரும் உடையாது. எலியும் உள்ளே இறங்கும்.

இத்தனைக்கும் ஒரு சொட்டு கரன்ட் செலவில்லை.

பாயின்ட் எண்ணவும் கரன்ட் வேண்டாம். பக்கத்தில் ஒரு பையன் நின்று, அடி விழும்போதெல்லாம் சைக்கிள் பெல் அடிக்கட்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று தானாகவே எண்ணுவார்கள். அந்தச் சத்தத்துக்கே இன்னும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள்.

கரன்ட்டோடு விளையாடக் கூடாது!

"லைட் எரிந்தால் நன்றாக இருக்குமே, மோட்டார் வைத்தால் சுற்றுகிற வேலை மிச்சமாகுமே" என்று ஆசை வரும். தப்பில்லை. ஆனால் இங்கேதான் உயிர் விஷயம்.

2022 ஏப்ரல் 27-ந் தேதி அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேடு. அப்பர் திருவிழாத் தேர் வீதியில் போனபோது மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. பக்கத்து மாவட்டத்தில் நடந்த துயரம். திருவிழாவும் கரன்ட்டும் சேர்கிற இடத்தில் ஒரு நொடி அசட்டை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எலி மெஷினைச் சுற்றி நிற்பது யார்? எல்லாம் குழந்தைகள். கை வியர்த்திருக்கும். காலில் செருப்பு இருக்காது. தரை ஈரமாக இருக்கும். ஒரு தூறல் போட்டால் மேஜை முழுக்க நனையும். ஒவ்வொரு அடிக்கும் பலகை குலுங்கும். உள்ளே ஒயர் தளரும். இந்த இடத்தில் 230 வோல்ட் ஒயர் ஒன்று ஓடினால் அது விளையாட்டுச் சாமான் அல்ல, எமன்.

விதி ஒன்றே ஒன்று. மேஜைக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் நுழையக் கூடாது.

மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்று போதும். காரில் மழைத் தண்ணீர் துடைக்கிற வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும். பழைய கார்ச் சாமான் கடையில் கிடைக்கும். கைப்பிடி இருக்கிற இடத்தில் அதை மாட்டி, வேகத்தைக் குறைத்துக்கொண்டால் சக்கரம் தானாகச் சுற்றும். கார்க் கதவைப் பூட்டுகிற சின்ன மோட்டாரும் 12 வோல்ட்தான். அது தள்ளுகிற தூரம் ஒரு அங்குலம்கூட வராது. ரீப்பர் கட்டையில் வைத்து நெம்புகோல் மாதிரி நீட்டிக்கொள்ள வேண்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதற்காக அலட்சியம் கூடாது. பேட்டரியின் இரண்டு முனையும் ஒன்றாகத் தொட்டால் ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பேட்டரியை விட்டு வருகிற ஒயரிலேயே ஒரு பியூஸ் போட்டுவிட வேண்டும். பேட்டரியை மேஜைக்கு வெளியே ஒரு மரப் பெட்டியில் வைக்க வேண்டும். சார்ஜ் போடுவது வீட்டில். திருவிழாப் பந்தலில் அல்ல.

கடைக்கு வெளிச்சம் வேண்டும், பந்தலில் இருந்து லைன் எடுக்கிறோம் என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற கருவி இருக்கிறது. அதைப் போடச் சொல்லுங்கள். கம்பத்தில் கொக்கி போடுகிற ஆசாமியைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய 'அடல் டிங்கரிங் ஆய்வகம்' பல பள்ளிகளில் இருக்கிறது. அங்கே 'ஆர்டுயினோ' என்ற கையடக்கச் சர்க்யூட் பலகை இருக்கும். 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது. எந்த எலி எப்போது வர வேண்டும் என்று அதில் எழுதி வைத்துவிடலாம். வரிசையைக் குலுக்கிப் போடுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். எலியின் தலைக்கு அடியில் ஒரு காலிங் பெல் சுவிட்ச் வைத்தால், அடி விழுந்ததும் பாயின்ட்டும் ஏறும்.

ஆனால் கயிறும் கப்பியும் வைத்து ஒரு தடவை செய்து பார்த்த பிறகு இதற்கு வருவது நல்லது. கப்பி என்றால் என்ன, நெம்புகோல் என்றால் என்ன என்பது பாடப் புத்தகத்தில் படமாக இருக்கிறது. எலி சிக்கிக்கொண்டு மேலே வராதபோதுதான் அது மண்டையில் ஏறும்.

கடைக்காரர் கவனிக்க!

கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைய ஆரம்பிக்கச் சுமார் கால் விநாடி ஆகும். அப்புறம் சுத்தி இறங்க வேண்டும். ஆகவே எலி அரை விநாடிக்கும் குறைவாகத் தலை காட்டினால் அடிப்பது ரொம்பக் கஷ்டம்.

குழந்தைகளுக்கு 2 விநாடி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 1 விநாடி. "நான்தான் சூரன்" என்று வருகிற வாலிபர்களுக்கு முக்கால் விநாடி. உருளையில் மேட்டின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். பெரிய உருளை ஒரு சுற்றுக்கு 10 விநாடி என்றால், சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு மேடு வைத்தால் எலி 1 விநாடி மேலே நிற்கும். சின்ன உருளை வேகமாகச் சுற்றும். அதில் கால் பங்கு மேடு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு திருட்டுத்தனத்துக்கும் இடம் இருக்கிறது. பாயின்ட் ஏறி, பரிசு கிடைக்கப் போகிற நேரத்தில் கைப்பிடியை ரகசியமாக வேகமாகச் சுற்றிவிடலாம். எலி பறக்கும். பையன் தோற்பான்.

முதல் நாள் வசூல் ஆகும். இரண்டாவது நாள் ஊருக்கே தெரிந்துவிடும். "அண்ணே, இவர் ஏமாத்துறாருண்ணே" என்று ஒரு பொடியன் சத்தம் போட்டால் போதும், கடை காலி. வேகம் எவ்வளவு, எத்தனை எலி அடித்தால் என்ன பரிசு என்பதைப் பலகையில் எழுதித் தொங்க விடுவதுதான் நல்ல வியாபாரம்.

அந்தப் பலகையில் அமெரிக்கக் கம்பெனிப் பெயரைப் போட வேண்டாம். அது இன்னொருவரின் வியாபாரப் பெயர். தமிழில் பெயருக்கா பஞ்சம்? 'எலி அடி', 'பொந்து எலி', 'அடிடா தம்பி' என்று எதை எழுதினாலும் கூட்டம் வரும்.

எலியைப் போடப் பிடிக்காதவர்கள் வேறு தலை போடலாம். கொசு போடலாம். டெங்கு பிரசாரமும் ஆயிற்று. வெண்டைக்காய்ப் புழு போடலாம். கணக்குப் பாடம் சொல்லித் தரலாம் என்றால், தலையில் எண்ணை எழுதி "7-ஆல் வகுபடுகிற எண்ணை மட்டும் அடி" என்று சொல்லலாம். 14 வந்தால் அடி, 15 வந்தால் கையைக் கட்டு. வாய்ப்பாடு தானாக வரும்.

யார் தலையைப் போடக் கூடாது? பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், எதிர்க்கட்சித் தலைவர். சிரிப்புக்கு ஆரம்பித்து சண்டையில் முடியும்!

மொத்தத்தில் இதற்கு வேண்டியது ஒரு பலகை, பத்துக் குழாய்த் துண்டு, பத்துக் கப்பி, ஒரு சைக்கிள் செயின். திருவிழா முடிந்ததும் கழற்றிப் பரணில் போடலாம். அடுத்த வருஷம் தூசி தட்டி எடுக்கலாம். கயிறு மட்டும் புதுசு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடிக்க நூறு பேர் வருவார்கள். கைப்பிடி சுற்ற ஆள் கிடைக்காது. அடிக்கிற ஒவ்வொருவரும் அடுத்த ஆட்டத்துக்குக் கைப்பிடி சுற்ற வேண்டும் என்று முதலிலேயே சட்டம் போட்டுவிடுங்கள். அந்தத் துணித் திரைக்குப் பின்னால் போய் ஒரு தடவை சுற்றிப் பார்த்த பொடியன், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய சைக்கிளைத்தான் தேடுவான்.